மதியம் இரண்டு மணிக்கு மேல் லைன் ஏன் சரிகிறது?

மூன்றாம் லைன் · 6 மே 2024, இரவு 10.40

வணக்கம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மொத்தம் நான்கு லைன், அதாவது தையல் மெஷின் வரிசை. வாடகைக் கட்டடம், மேலே சிமெண்ட் அட்டை. என் தலைவலி மூன்றாம் லைன்.

காலை எட்டரைக்கு ஆரம்பித்தால் சாப்பாட்டு மணி வரை மணிக்கு நூறு, நூற்றைந்து பீஸ் ஓடும். சாப்பிட்டு வந்து உட்கார்ந்த முதல் அரை மணி நேரமும் பரவாயில்லை. இரண்டைத் தாண்டினால் எண்பதுக்கு இறங்கிவிடும். பீஸ் குறைவதைக்கூட எப்படியாவது சமாளித்துவிடலாம். ஆல்டர், அதாவது திருத்தத்துக்குத் திரும்பி வரும் பீஸ், குவிவதும் அதே நேரத்தில்தான். கழுத்துப்பட்டி நெளிந்து வருகிறது, தோளில் தையல் விட்டுப்போகிறது. செக்கிங்கில் இருக்கும் அம்மா மதிய மூட்டையைப் பார்த்தாலே முகத்தைச் சுளிக்கிறார்.

"சோறு தின்ற மயக்கம், நீ சத்தம் போடாததால் வந்த வினை" என்கிறார் முதலாளி. சத்தம் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு ஆல்டர் இன்னும் கூடியது. வாரத்துக்கு நூறு ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தார். இரண்டு நாள் ஓடியது, மூன்றாம் நாள் பழைய கதை.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. போன வாரம் முதல் லைனில் நன்றாக ஓட்டும் ஒரு ஃபிளாட்லாக் மெஷின் டைலரை இங்கே மாற்றினேன். மூன்றே நாளில் அவரும் மதியத்தில் சரிந்தார். இங்கிருந்து அங்கே போனவர் நிமிர்ந்துவிட்டார். அப்படியென்றால் கோளாறு ஆளிடமா, இடத்திடமா? பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

அவிநாசி ரோடு · 6 மே, இரவு 11.15

தம்பி, இருபத்திரண்டு வருடமாக, பிறர் ஆர்டரைத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். என் அப்பா காதர்பேட்டையில் ஓர் ஓட்டு வீட்டில் ஆறு மெஷின் போட்டு ஆரம்பித்தார். ஒரே ஒரு ஃபேன், அதுவும் கல்லாப்பெட்டிக்கு மேலே. அந்த வீட்டிலிருந்து போன பனியனை யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

இப்போது உட்கார்ந்ததும் கை கைப்பேசியைத் தேடுகிறது. அதை வாசலிலேயே வாங்கி வையுங்கள், பாதி சரியாகும். மதியத்தில் கஷ்டமான ஸ்டைலை ஏற்றாதீர்கள், மீதி சரியாகும்.

---

ரிங்ஃபிரேம் · 7 மே, காலை 6.05

சூப்பர்வைசர் தம்பிக்கு. கோவையில் நூல்மில் மெயின்டனன்ஸில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். ஆள் மாற்றிப் பார்த்தீர்கள் பாருங்கள், அது நல்ல வேலை. மெஷின் கோளாறையும் நாங்கள் அப்படித்தான் பிடிப்போம். பாகத்தை இடம் மாற்றினால் கோளாறு கூடவே போகிறதா, அங்கேயே நிற்கிறதா?

இனி மூன்று கேள்வி. மூன்றாம் லைனுக்கு மேற்கே என்ன இருக்கிறது? பக்கத்தில் என்ன இருக்கிறது? அங்கே ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறதா?

மில்லில் நான் பார்த்த வேடிக்கையைச் சொல்கிறேன். ஸ்பின்னிங்கில் ஈரப்பதம் அறுபதை ஒட்டி நிற்க வேண்டும், இறங்கினால் நூல் அறும். அதற்கென்று தனிப் பிளாண்ட், தனி ஆள், மணிக்கொரு முறை எழுதும் நோட்டு எல்லாம் உண்டு. நூலுக்கு வியர்த்தால் ராத்திரி இரண்டு மணிக்கும் எனக்கு அழைப்பு வரும். அந்த ஈரக்காற்றில் வியர்வை காயாமல் நிற்கும் மனிதருக்கு நோட்டு கிடையாது. காற்றில் ஈரம் ஏற ஏற, வியர்வை ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும் வழி அடைபடும். அந்தச் சூட்டில் நிற்பவன் சோம்பேறி மாதிரிதான் தெரிவான்.

இன்னொன்று. பஞ்சு தூசியில் பல வருடம் இருந்தவர்களுக்கு ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கள்கிழமை உள்ளே வந்ததும் நெஞ்சு இறுகும், செவ்வாய் குறையும். நோய் முற்றினால் எல்லா நாளும் இறுகும். பிசினோசிஸ் என்று டாக்டர்கள் சொல்வார்கள். எங்கள் பழைய மேஸ்திரி அதற்கு வைத்திருந்த பெயர் "திங்கட்கிழமைச் சாக்கு". அவரே அந்த இருமலோடுதான் ஓய்வு பெற்றார்.

---

மூன்றாம் லைன் · 9 மே, இரவு 10.20

ரிங்ஃபிரேம் ஐயா, நன்றி. 120 ரூபாய்க்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி இரண்டு நாள் இடம் மாற்றி மாற்றித் தொங்கவிட்டேன். மதியம் இரண்டே முக்காலுக்கு முதல் லைனில் 35 டிகிரி. மூன்றாம் லைனின் கடைசி மெஷின் அருகே 39.

மேற்குச் சுவர் எங்கள் லைன் பக்கம்தான். சுவரை ஒட்டி அயனிங் டேபிள் நான்கு. நீராவி வெளியே போக ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது, ஆனால் அதன் வாயை அட்டைப்பெட்டி அடுக்கி அடைத்துவிட்டோம். தினமும் இருபது தடவை அந்த வழியாகத்தான் நடக்கிறேன், ஒருநாளும் கண்ணில் படவில்லை. நான் நடந்து போகிறவன். அங்கேயே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும் போலிருக்கிறது.

---

ஏட்டுச்சுரைக்காய் · 10 மே, காலை 9.30

கல்லூரியில் மேலாண்மை கற்பிக்கிறேன். தையல் மெஷினில் நூல் கோக்கத் தெரியாது, பெயரைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பீர்கள். ஆனாலும் இரண்டு செய்தி உதவும்.

இந்தியத் தொழிற்சாலைகளின் கணக்கை வைத்து ஈ. சோமநாதனும் உடன் ஆய்வாளர்களும் 2021-இல் வெளியிட்ட கட்டுரையில், ஆண்டு வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ஆலையின் உற்பத்தி ஏறத்தாழ 2 சதவீதம் குறைவதாகக் கண்டார்கள். அதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. வேலையிடத்தைக் குளிர்வித்தால் வேலைத்திறன் இழப்பு மறைகிறது, வேலைக்கு வராமல் போவது மறைவதில்லை. ஆள் இரவில் தூங்குவது குளிர்வித்த இடத்தில் இல்லையே.

இரண்டாவது உங்கள் தொழிலிலேயே நடந்தது. பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் குழல்விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டார்கள். எல்.இ.டி. குறைவாகச் சுடும். வெயில் நாட்களில் அந்தத் தளங்களில் உற்பத்தி சரிவது பெரிதும் குறைந்தது. மின்கட்டணத்துக்காகச் செய்த வேலைக்குக் கிடைத்த கொசுறு அது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். சிகாகோ அருகே ஹாதார்ன் ஆலையில் 1924-இல் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துச் சோதித்தார்கள். கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது, ஆகவே கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே காரணம் என்று பாடப்புத்தகம் சொல்லும். நானும் பல வருடம் அப்படியே ஒப்பித்தேன். லெவிட், லிஸ்ட் என்ற இருவர் அந்தப் பழைய கணக்கைத் தேடியெடுத்து 2011-இல் மறுபடி பார்த்தபோது கதை ஆட்டம் கண்டது. விளக்கை மாற்றியது ஞாயிற்றுக்கிழமைகளில். விளக்கைத் தொடாத வாரங்களிலும் திங்களன்று உற்பத்தி சனியைவிடக் கூடத்தான் செய்தது. ஏற்றம் விளக்கால் வந்ததா, திங்களால் வந்ததா என்று பிரிக்க முடியாமல் போயிற்று.

---

அவிநாசி ரோடு · 10 மே, பிற்பகல் 1.50

சிகாகோ, பெங்களூரு எல்லாம் இருக்கட்டும். கூரை யாருடையது? கட்டட உரிமையாளருடையது. அவர் கூரைக்குப் பத்து பைசா தரமாட்டார். ஆர்டர் தரும் பையர் ஒரு பீஸுக்கு ஐம்பது பைசா கூட்டித் தரமாட்டான். எல்.இ.டி. மாற்றவும் கூரை மாற்றவும் நடுவில் நிற்கிற நான் பணத்தை எங்கிருந்து எடுப்பேன்? முதலாளி என்றாலே கல்நெஞ்சு என்று நினைக்காதீர்கள். ஆர்டர் இல்லாத மாதம் எனக்கும் தூக்கம் இல்லை.

---

நின்றகோலம் · 10 மே, இரவு 9.45

அண்ணா, உங்கள் கணக்கு எனக்கும் புரிகிறது. ஆனால் செலவே இல்லாத ஒன்றுக்குக்கூட நாங்கள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு ஜவுளிக்கடையில் ஒன்பது வருடம் புடவை எடுத்துப் போட்டேன். பெருமாள் கோயிலில் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்று மூன்று உண்டு. எங்களுக்கு ஒன்றுதான். வாடிக்கையாளர் இல்லாத பகல் மூன்று மணிக்கும் நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் கேமராவில் பார்த்து அபராதம். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வரும்போது கால் வீங்கி, சிரிப்பதற்குத் தெம்பு இருக்காது. "சிரித்துப் பேசவில்லை" என்று அதற்கும் திட்டு விழும்.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜியும் அவருடைய பெண்கூட்டு அமைப்பும் உட்கார உரிமை கேட்டுப் போராடியதில் கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டிலும் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை கட்டாயம் என்று சேர்த்தார்கள். ஒரு வாரத்தில் எங்கள் தளத்துக்கு நான்கு ஸ்டூல் வந்தது. நாங்கள் பதினெட்டுப் பேர்.

மூன்றாம் லைன் சகோதரர் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் செக்கிங் அம்மா முகம் சுளிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் நின்றுகொண்டா பார்க்கிறார்? எத்தனை மணியிலிருந்து?

---

மூன்றாம் லைன் · 10 மே, இரவு 10.30

நின்றுகொண்டுதான். எட்டரையிலிருந்து. ஒன்றரை ஷிப்ட் என்றால் ராத்திரி எட்டரை வரை.

---

ரிங்ஃபிரேம் · 11 மே, காலை 5.50

12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியதும், எதிர்ப்பு கிளம்பி மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கும். திருப்பூரின் ஒன்றரை ஷிப்ட் அந்த மசோதாவுக்காகக் காத்திருக்கவும் இல்லை, அது போனதற்காகக் கலங்கவும் இல்லை.

நின்று செய்யும் வேலைக்காரர்களுக்கு இடையிடையே உட்கார வசதி வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 44-ஆம் பிரிவில் எழுதிவிட்டார்கள். காற்றோட்டமும் வெப்பநிலையும் 13-ஆம் பிரிவு. எங்கள் மில்லில் அந்தச் சட்டத்தின் சுருக்கம் கண்ணாடி போட்டுத் தொங்கும். அந்தக் கண்ணாடியில் தலை சீவிக்கொள்வோம்.

---

ஓவர்லாக் · 11 மே, இரவு 11.55

நான் எழுதலாமா என்று நாலு நாளாக யோசித்தேன். நான் டைலர். பன்னிரண்டாவது வரை படித்தேன், பிறகு ஓவர்லாக் மெஷின்.

அண்ணா, வெயில் உண்மைதான். ஆனால் நீங்கள் யாரும் கேட்காத ஒன்று இருக்கிறது. நாளைக்கு நான்கு மணிக்கு உங்கள் லைனில் பெண்களின் தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். பாதிப் பாட்டில் திறக்காமலே இருக்கும். காலையில் நிரப்பியது அப்படியே வீட்டுக்குப் போகும்.

தண்ணீர் குடித்தால் போக வேண்டும். போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் அட்டை வாங்க வேண்டும். லைனுக்கு ஒரு அட்டை. ஒருத்தி போனால் அடுத்தவள் காத்திருக்க வேண்டும். அட்டையை எடுக்கும்போது எல்லாரும் பார்ப்பார்கள். போய்விட்டு வந்தால் முன்னால் மூட்டை குவிந்திருக்கும், "எங்கே போனாய் இத்தனை நேரம்" என்று கேட்பார்கள். மாதத்தில் அந்த நாட்களில் எப்படி என்று நான் எழுதவில்லை, நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் காலையிலிருந்தே குடிப்பதில்லை. மதியம் இரண்டு மணிக்குத் தலை கனக்கும், ஊசி இரண்டாகத் தெரியும். அதைத்தான் சோறு தின்ற மயக்கம் என்கிறார்கள். எங்களில் பாதிப் பேர் மதியச் சோற்றையே அரைவயிற்றோடு மூடிவிடுகிறோம்.

சோதனைக்கு ஆள் வரும் ஆடிட் நாளன்று மட்டும் கழிப்பறையில் சோப்பு இருக்கும். அது பழைய செய்தி.

---

மூன்றாம் லைன் · 12 மே, காலை 7.10

ஓவர்லாக் சகோதரிக்கு. இரவு முழுக்கத் தூங்கவில்லை என்று எழுதினால் நாடகமாகத் தெரியும், ஆகவே எழுதவில்லை. அந்த அட்டை முறையைக் கொண்டுவந்தது நான். இரண்டு வருடம் முன்பு, லைன் காலியாகிறது என்று முதலாளி கத்தியபோது, ஒரு பழைய பேட்டர்ன் அட்டையை வெட்டி, ஓட்டை போட்டு, என் மேசையில் தொங்கவிட்டேன். அது நன்றாக வேலை செய்கிறது என்று பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

திங்களன்று பாட்டில் எண்ணிப் பார்க்கிறேன்.

---

மட்டுறுத்துநர் · 12 மே, காலை 10.00

தனிமடலில் நிறுவனத்தின் பெயரைக் கேட்டு வருபவர்கள் கவனிக்க: இந்த இழையில் யூனிட் பெயரோ ஆள் பெயரோ வேண்டாம். எழுதுபவர்கள் நாளைக்கும் வேலைக்குப் போக வேண்டியவர்கள்.

---

வெள்ளெழுத்து · 13 மே, மாலை 6.20

கண் முகாம்களில் பரிசோதகராக வேலை செய்கிறேன். "ஊசி இரண்டாகத் தெரியும்" என்ற வரி என்னை உள்ளே இழுத்தது. தண்ணீர் குறைவும் களைப்பும் காரணமாக இருக்கலாம். ஆனால் லைனில் நாற்பதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? அந்த வயதில் கிட்டத்தில் இருப்பது மங்கும். வெளிச்சம் குறைந்தால் இன்னும் மங்கும். கருநீலத் துணியில் கருநீல நூல் என்றால் சொல்லவே வேண்டாம். முகாமுக்கு வந்த ஒரு டைலர் அம்மா ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து மெஷின் சிறுமியைக் கூப்பிடுவதாகச் சொன்னார். கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டது என்று நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் ஆறு வருடம் அப்படியே ஓட்டியிருக்கிறார்.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த 751 பேரிடம் நடத்திய சோதனை 2018-இல் வெளிவந்தது. ஒரு பாதிக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க உதவும் கண்ணாடியை உடனே கொடுத்தார்கள், மறு பாதிக்குச் சோதனை முடிந்தபின். கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலையின் எடை மற்றவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. அவர்கள் கண்ணாடி கேட்டு வந்தவர்கள் இல்லை. தங்களுக்குப் பார்வைக் குறை இருப்பதே பலருக்குத் தெரியாது.

டியூப்லைட்டைத் துடைத்து எத்தனை நாள் ஆயிற்று என்றும் பாருங்கள். பஞ்சு படிந்த விளக்கு எரியும், வெளிச்சம் தராது.

---

ஏட்டுச்சுரைக்காய் · 14 மே, இரவு 8.15

ஓவர்லாக் அவர்கள் எழுதியதைப் படித்தபின் என் முந்தைய பதிவு வெளிறிப்போய்த் தெரிகிறது. தெர்மாமீட்டர் அட்டையை அளக்காது.

அகமதாபாத் காலிகோ மில்லில் 1953-இல் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தானியங்கித் தறிகள் புதிதாக வந்திருந்தன, எதிர்பார்த்த துணி வரவில்லை. லண்டன் டாவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்திலிருந்து ஏ. கே. ரைஸ் என்பவர் வந்து பார்த்தார். தறிகளில் கோளாறு இல்லை. வேலையைத் துண்டு துண்டாக நறுக்கி, ஆளுக்கொரு துண்டைக் கொடுத்திருந்தார்கள். எண்ணெய் விடுபவர், நூல் முடிபவர், பெருக்குபவர் என்று ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எண்ணிக்கையில் தறிகள். தறி நின்றால் யாருடைய பொறுப்பு என்பதே தெரியாது. ஏழு பேருக்கு 64 தறி என்று குழுவாக்கலாம் என்ற யோசனை வந்ததும், யார் யாரோடு சேர்வது என்பதைத் தொழிலாளர்களே பேசி முடித்துவிட்டார்கள். பழகியபின் துணி கூடியது, சேதம் குறைந்தது. 1970-இல் ஆய்வாளர் எரிக் மில்லர் போய்ப் பார்த்தபோது அந்த முறை சில இடங்களில் தேய்ந்திருந்தது, ஓரிடத்தில் உயிரோடு இருந்தது. ஆகவே இதை மந்திரம் என்று சொல்லமாட்டேன். ஆனால் யார் எப்போது எழுந்து போவது என்பதை ஒரு லைன் தனக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் என்பதை மட்டும் நம்புகிறேன்.

---

அவிநாசி ரோடு · 14 மே, இரவு 9.40

அட்டை என் யூனிட்டிலும் உண்டு. இன்று மாலை எடுத்துவிட்டேன். லைன் காலியானால் மறுபடி மாட்டுவேன் என்று சொல்லித்தான் எடுத்தேன், அதையும் மறைக்கவில்லை.

ஆனால் ஒரு கேள்வி. வடக்கிலிருந்து வந்த பையன்கள் பத்துப் பேர் ஒரே அறையில் படுக்கிறார்கள். அந்த அறையும் சிமெண்ட் அட்டைதான். ராத்திரி தூங்காமல் வருகிறவனுக்குப் பகலில் நான் எத்தனை ஃபேன் வைத்தாலும் என்ன பயன்? பேராசிரியர் சொன்ன "வராமல் போவது" அதுதானே?

---

ரிங்ஃபிரேம் · 15 மே, காலை 6.00

அதுவேதான். அறை யார் ஏற்பாடு செய்தது?

---

அவிநாசி ரோடு · 15 மே, காலை 8.30

நான்தான் ஐயா.

---

மூன்றாம் லைன் · 29 மே, இரவு 10.50

கத்திரி நேற்றோடு முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

பாட்டில் எண்ணினேன். அன்று லைனில் 24 பெண்கள். நான்கு மணிக்கு 15 பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது.

முதல் வாரம் அட்டையை மட்டும் எடுத்தேன், வேறெதையும் தொடவில்லை. முதல் இரண்டு நாள் ஒரே கூட்டமாகப் போனார்கள், முதலாளி என்னை முறைத்தார். மூன்றாம் நாளிலிருந்து அவர்களுக்குள்ளேயே ஒரு வரிசை வந்துவிட்டது, எப்படி என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் வாரம் எக்ஸாஸ்ட் முன்னால் இருந்த பெட்டிகளை அகற்றினோம், அயனிங் டேபிள் இரண்டை வடக்குப் பக்கம் தள்ளினோம், டியூப்லைட்டைத் துடைத்தோம். துடைத்த துணியை முதலாளியின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கக் கட்டட உரிமையாளர் சம்மதித்தார், பணம் எங்களுடையது. செக்கிங் அம்மாவுக்கு உயரமான ஸ்டூல் வந்தது. முதல் நாள் அதில் பையை வைத்துவிட்டு நின்றுகொண்டே பார்த்தார்.

மதியத்தில் இப்போது தொண்ணூறு, தொண்ணூற்றைந்து ஓடுகிறது. ஆல்டர் கண்கூடாகக் குறைந்திருக்கிறது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நடுவில் இரண்டு நாள் கோடைமழை வேறு பெய்து என் கணக்கைக் கெடுத்துவிட்டது. முதலாளி, ஊக்கத்தொகை தாமதமாக வேலை செய்கிறது என்கிறார். நான் மறுத்துப் பேசவில்லை, ஸ்டூல் இன்னும் மூன்று கேட்டிருக்கிறேன். கண் பரிசோதனைக்கு ஞாயிறு ஏற்பாடு செய்யலாமா என்று வெள்ளெழுத்து அவர்களுக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறேன்.

---

ஓவர்லாக் · 29 மே, இரவு 11.30

நன்றி அண்ணா. இரண்டாவது கழிப்பறையின் தாழ்ப்பாள் மட்டும் இன்னும் உடைந்தே இருக்கிறது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இரண்டு இரண்டு பேராக எழுந்து போகிறோம். அரட்டை என்று நினைத்துவிடாதீர்கள்.

---

மூன்றாம் லைன் · 29 மே, இரவு 11.42

தாழ்ப்பாளைப் பற்றி நான் இங்கே எழுதவே இல்லையே.

காலையில் ஆசாரியை வரச்சொல்லிவிட்டேன்.